நுழைவோர் பலர், நிலைப்போர் சிலர்

கணினித் துறை ஆண்களுக்கே இயல்பாகப் பொருந்துவது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. வரலாறு அதை ஏற்பதில்லை. 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான 'எனியாக்' கணினிக்கு முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1980-களின் நடுப்பகுதியில் அந்நாட்டில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோரில் ஏறத்தாழ 37 சதவீதத்தினர் பெண்கள். 2010-வாக்கில் அது 20 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. ஒரு தலைமுறைக்குள் பெண்களின் அறிவுத்திறன் மாறிவிடவில்லை. மாறியது அத்துறையின் சூழல்.

இந்தியாவின் நிலை வேறு. இங்கே பொறியியல் கல்லூரிகளின் கணினி வகுப்புகளுக்கு மாணவிகள் தயக்கமின்றி வருகின்றனர். ஐஐடி போன்ற உயர்கல்வி நிறுவனங்கள் மட்டுமே இதற்கு விலக்கு. அங்கு மாணவிகளின் பங்கு 10 சதவீதத்தையும் எட்டாததால், 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. தகவல் தொழில்நுட்பத் துறையின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களில் 36 சதவீதத்தினர் பெண்கள் என்கிறது நாஸ்காம் அமைப்பு. வேறு பல தொழில்களோடு ஒப்பிட்டால் இது பெருமைக்குரியதே.

ஆனால், இந்தப் பங்கு எல்லாப் படிநிலைகளிலும் ஒரே அளவில் இல்லை. தொடக்க நிலைப் பணிகளில் நிறைந்திருக்கும் பெண்கள், மேலாளர், இயக்குநர் என மேலே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகின்றனர். திருமணம், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவை வரும் வயதும், பதவி உயர்வு தீர்மானிக்கப்படும் வயதும் ஒன்றாக இருப்பதே இதன் மையமான சிக்கல்.

இத்துறையின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டினர். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. மாலையில் தொடங்கும் கலந்தாய்வுகள் நள்ளிரவு வரை நீள்கின்றன. மறுபுறம், மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாள்தோறும் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்களே. இரண்டு பணிநேரங்களையும் ஒருவரே சுமக்கும்போது, வேலையை விடுவது 'அவரது சொந்த முடிவு' என்று பதிவாகிறது.

சட்டம் துணை நிற்கிறதா? 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. நோக்கம் உயர்ந்தது. எனினும், விடுப்புக் கால ஊதியம் முழுவதையும் நிறுவனமே ஏற்க வேண்டும். ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்போருக்கு அதன் கழகம் வழங்குகிறது. ஆனால், மாதம் 21,000 ரூபாய் என்ற அதன் ஊதிய வரம்பைத் தாண்டிய கணினிப் பொறியாளர்களுக்கு அந்த வழி இல்லை. தந்தையர் விடுப்போ தனியார் துறையில் சட்டப்படி கட்டாயமில்லை. ஆகவே, சமத் தகுதியுள்ள இருவரில் பெண்ணைத் தேர்ந்தெடுப்பது கூடுதல் செலவு என்று நிறுவனம் கணக்கிட, சட்டமே இடம் தருகிறது.

இதற்கு மாற்று இருக்கிறது. ஸ்வீடனில் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் விடுப்பு உண்டு. அதில் தலா 90 நாள்களை மற்றவருக்கு விட்டுத்தர முடியாது. விடுப்புக் காலத் தொகையைத் தனியொரு நிறுவனம் அல்ல, சமூகக் காப்பீட்டு நிதியம் வழங்குகிறது. குழந்தை வளர்ப்பு இருவரின் கடமை என்றாகிவிட்டால், பெண்ணை மட்டும் தயக்கத்துடன் பார்க்க நிறுவனத்துக்குக் காரணம் இருக்காது.

ஊழியர்களின் பாலினம் பாராமல் எல்லா நிறுவனங்களிடமிருந்தும் பங்களிப்பு பெறும் மகப்பேறு நிதியத்தை இங்கும் உருவாக்கலாம். தந்தையர் விடுப்பைக் கட்டாயமாக்கலாம். இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்குப் புதிய தொழில்நுட்பப் பயிற்சியுடன் முந்தைய அனுபவத்துக்குரிய பதவியையும் அளிக்கலாம். மகளைக் கணினிப் பொறியாளராக்க ஒரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் செலவிடுகிறது. அந்தப் படிப்பு பத்தாண்டுப் பணியோடு முடிந்துபோவது அவளுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் இழப்பு.