பாவிச்ச டப்: முகத்தைப் பார்ப்பதா, வயதைப் பார்ப்பதா?

எங்கட அறையில் மூன்று பேர், ஒரு டப். 2020 இல் ஏ.எல். வகுப்பெல்லாம் சூமுக்குப் போன நேரம், எங்களில் ஒருத்தியின் அம்மா சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்த ஏழு அங்குல அன்ட்ரொயிட். அப்போது அது போதுமாக இருந்தது. இப்போது ஆய்வேடு எழுதுகிற காலம். வாசிக்க வேண்டியதில் பாதி, நூலகம் இணையத்தளத்தில் ஸ்கான் செய்து போட்டிருக்கிற பழைய சஞ்சிகைகளும் புத்தகங்களும்தான். இருநூறு பக்க ஸ்கான் ஒன்றைத் திறந்தால் எங்கட டப் கொஞ்ச நேரம் யோசிக்கும், வெள்ளைப் பக்கம் காட்டும், பிறகு தானாகவே மூடிக்கொள்ளும். போனில் வாசிக்கலாம்தான். வரிக்கு வரி விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து வாசித்தால் அரை மணித்தியாலத்தில் கண் எரியத் தொடங்கிவிடும்.

புதிது வாங்குவது பற்றிய கதையே இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 இல் வற் 18 வீதமானது. மகாபொல 5000 இலிருந்து 7500 ஆகக் கூடியதே 2025 இல்தான். ஆகவே மூன்று பேரும் காசு சேர்த்து ரீஃபர்பிஷ்ட் ஒன்று எடுப்பம் என்று முடிவெடுத்தோம். (படிப்பு முடிந்தால் டப் யாருக்கு என்ற கேள்வியை இன்னும் ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.)

கடையில் காட்டியது 2019 இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட். 32 ஜிபி, 48,000 ரூபா.

"ஏ கிரேட் தங்கச்சி, ஒரு கீறல் இல்லை."

"பற்றரி மாத்தினதோ அண்ணா?"

"ஏன் மாத்துவான், அது நல்லாத்தான் நிக்குது."

இந்த இடத்தில்தான் எங்களுக்கு யோசனை வந்தது. அப்பிள் நிறுவனம் தானே ரீஃபர்பிஷ்ட் என்று விற்கிற ஐபேட்டுக்குப் புதுப் பற்றரியும் புது வெளிக்கூடும் போட்டு, ஒரு வருட வொரன்டியும் கொடுக்கிறது. எங்களுக்குக் காட்டியது துடைத்து, ரீசெட் பண்ணி, வேறு பெட்டியில் வைத்த பாவிச்ச சாமான். வொரன்டி என்று தந்தது ஏழு நாள் 'செக்கிங்'. இரண்டுக்கும் ஒரே பெயர். 'ஏ கிரேட்' என்பது முகத்துக்குக் கொடுக்கிற புள்ளி. உள்ளே இருப்பதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

நாங்கள் கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு: இதற்கு இன்னும் எத்தனை வருடம் மிச்சம்? அந்த ஐபேட் 2019 இல் வந்தாலும் அதற்குள் இருக்கிற ஏ10 சிப் 2016 இல் ஐபோன் 7 உடன் வந்தது. 2025 செப்டெம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26 அதற்குக் கிடையாது. எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கிடைக்கும். அதற்காக அது நாளைக்கே செத்துவிடாது. ஒவ்வொரு செயலியாக 'உங்கள் கருவிக்குப் பொருந்தாது' என்று சொல்லத் தொடங்கும். எங்கட பழைய டப்பும் இப்படித்தான் போனது, ஒரே நாளில் இல்லை.

2021 இல் வந்த ஒன்பதாம் தலைமுறை, 64 ஜிபி, அதே கடையில் 72,000. 24,000 ரூபா வித்தியாசம் எங்களுக்குச் சின்னக் காசில்லை. ஆனால் முதலாவது இரண்டு வருடம், மற்றது நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்தால், வருடத்துக்கு 24,000 ஒன்று, 18,000 மற்றது. வருடக் கணக்கு எங்கட ஊகம், பிழைக்கலாம். ஆனால் கையில் இருக்கிற காசுக்குள் அடங்குவதுதான் மலிவு என்று நினைத்தது பிழை. பஞ்சப்பட்டவர்கள் திரும்பத் திரும்ப வாங்குவது இப்படித்தான்.

'அப்கிரேட்' என்ற சொல்லிலும் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. சில விரிவுரைக் குறிப்புகள் இன்னும் பாமினி எழுத்துருவில் வேர்ட் கோப்பாகவே வருகின்றன. டப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும், மெய்யெழுத்து வருகிற இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எத்தனையாம் தலைமுறை ஐபேட் வாங்கினாலும் அது அப்படியே தெரியும். அனுப்புகிறவர் யூனிகோட்டில் அடித்தால், குறைந்தது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், எங்கட தலையிடியில் கால்வாசி காசில்லாமல் போய்விடும். இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு 48,000 ரூபாவுக்கு யோசித்தவர்கள் நாங்கள்.

எங்கட பட்ச்சில் ஒருவன் இப்படி வாங்கிய ஐபேட் இப்போது அவனுக்கு மாபிள் துண்டு. ரீசெட் பண்ணியதும் முன்னைய சொந்தக்காரரின் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்டது. அந்த ஆள் எந்த நாட்டில் இருக்கிறாரோ! கடைக்காரர் ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார். ஆகவே காசு கொடுக்க முதல், கடையிலேயே முழுதாக ரீசெட் பண்ணி, உங்கட கணக்கைப் போட்டுத் திறந்து பாருங்கோ. சிம் போடுகிற டப் என்றால் ஐஎம்ஈஐ இலக்கத்தை 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்றும் பார்க்கலாம். பற்றரிதான் கரைச்சல்: இந்தப் பழைய ஐபேட்களின் செற்றிங்ஸில் பற்றரி ஆரோக்கியம் காட்டாது. அரை மணித்தியாலம் வீடியோ ஓடவிட்டு எத்தனை வீதம் இறங்குகிறது என்று பார்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

48,000 ஐபேட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மற்றதற்கு இன்னும் 19,000 தேவை. இரண்டு மாத மகாபொலவில் வரும். அதுவரைக்கும் பெரிய பிடிஎஃப்களைப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டிப் பழைய டப்பிலேயே வாசிக்கிறோம். கடைக்குத் திரும்பப் போகிற அன்று கொண்டுபோக, இருநூறு பக்க ஸ்கான் ஒன்றை வெட்டாமல் பென் டிரைவில் வைத்திருக்கிறோம். அதைத் திறந்து, நூறாம் பக்கத்துக்குப் போய், திரும்பி வரட்டும். பிறகு விலை கதைப்பம்.