ஏழாம் வருஷம்

பாளையங்கோட்டை நண்பர் ஒருவரின் மகள் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். அந்த நாட்டுப் பிரஜையாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆஸ்பத்திரி ஒன்றில் கணக்கு வேலை; இரண்டு குழந்தைகள். குழந்தைகள் தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எம்.பி.ஏ. படிக்கிறாள். சாதாரண எம்.பி.ஏ. அல்ல, 'கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில்' வியாபார நிர்வாகம் கற்றுத்தரும் கல்லூரி அது. வகுப்பறை கிடையாது; எல்லாம் இணையத்தின் வழியாகவே.

சென்ற டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னாள். அவளுடைய சித்தப்பா ஒரு பகுத்தறிவுவாதி. "கோயிலுக்குள் கடை போட்டவர்களைச் சவுக்கெடுத்து விரட்டினவர் உங்கள் கிறிஸ்து. அவர் பேரிலேயே கடை போடுவதற்குப் பட்டமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கூடத்திலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிவிட்டது. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாமா, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள்.

அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன் பட்டங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதா என்ற கூச்சம். ஆனால், அவள் கேள்வி என்னை விடவில்லை. இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

சிரிக்க ஒன்றுமில்லை, அம்மா. சிரித்தவர்கள்தாம் யோசிக்கவில்லை. கிறிஸ்து விரட்டியது வியாபாரத்தை அல்ல. ஜெபத்தைக் காட்டி நடந்த வியாபாரத்தை. ஜம்ஷெட்பூரில் ஏசு சபைப் பாதிரிமார்கள் 1949-இல் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்ற நிர்வாகக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதில் இடம் கிடைத்தால் எல்லா மதத்துப் பெற்றோரும் இனிப்பு வழங்குகிறார்களே தவிர, யாரும் சிரிப்பதில்லை. மதமே கலக்காத வியாபாரக் கல்விக்குத்தான் மதம் இல்லையா என்ன? கம்பெனியின் சமூகக் கடமை லாபத்தைப் பெருக்குவதே என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். உலகத்து நிர்வாகக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை அதை மந்திரமாக ஜபித்தது. அதை விசுவாசப் பிரமாணம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

வீட்டிலிருந்தே படிப்பதும் கேலிக்குரியதல்ல. வர்ஜீனியா மாநிலத்து லின்ச்பர்க் நகரில், 1971-இல் ஒரு பாப்டிஸ்ட் போதகர் தொடங்கிய லிபர்டி சர்வகலாசாலை, 1985-இலேயே வீடியோ காஸெட்டுகளைத் தபாலில் அனுப்பிப் பாடம் நடத்தியது. இன்று இணையத்தின் வழியாக அங்கே படிப்பவர்கள் லட்சத்துக்கும் மேல். பட்டாளத்துக்காரன், லாரி ஓட்டுபவன், கைக்குழந்தைக்காரி - இவர்களுக்கு வேறு யார் கதவைத் திறந்தார்கள்? சித்தப்பா பகலில் படித்தவர்; அப்பா பணம் கட்டினார். அவருக்கு இரவு பத்து மணியின் அருமை தெரியாது.

அப்படியானால் எனக்குச் சண்டை எதில்? மதம் வகுப்புக்குள் வந்ததில் அல்ல. வந்த மதம் வாசற்படியிலேயே நின்றுவிட்டதில்.

பாடங்களை அவள் எனக்குக் காட்டினாள். விற்பனை, நிதி, கணக்கு - எந்தக் கல்லூரியிலும் இருக்கும் பாடங்கள், எந்தக் கல்லூரியிலும் இருக்கும் புஸ்தகங்கள். வாரந்தோறும் ஒரு கேள்வி. அதற்கு இருநூற்றைம்பது வார்த்தைகளில் பதில் எழுத வேண்டும். வேதாகமத்திலிருந்து ஒரு வசனத்தைப் பொருத்திக் காட்ட வேண்டும். சக மாணவர் இருவருடைய பதில்களுக்கு அபிப்ராயமும் எழுத வேண்டும். பாயசத்தை வைத்துவிட்டு மேலே முந்திரி தூவுவதுபோல, பாடத்தின் மேல் வசனம் தூவப்பட்டிருக்கிறது. அவள் பாடங்களில் திரும்பத் திரும்ப வருவது தாலந்து உவமை. எஜமான் கொடுத்த பணத்தைப் பெருக்கினவன் மெச்சப்படுகிறான். புதைத்து வைத்தவன் விரட்டப்படுகிறான். வியாபாரப் பள்ளிக்கு இதைவிட வாகான கதை கிடைக்குமா?

அதே மத்தேயுவில் ஐந்து அதிகாரம் முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. காலையிலிருந்து உழைத்தவனுக்கும் கடைசி மணியில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரன் கதை. அதை எந்தச் சம்பள நிர்வாகப் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் தேடிப் பார்த்தாள். இல்லை.

அதுகூடப் போகட்டும். உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்துக்கு வருகிறேன். ஏழு வருஷத்துக்கு ஒரு முறை, கடன் கொடுத்தவன் தன் சகோதரனுடைய கடனை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஏழாம் வருஷம் நெருங்கிவிட்டது, இனிக் கொடுத்தால் திரும்பாது என்று கணக்குப் பார்த்து இல்லாதவனுக்குக் கையை மூடிக்கொள்வதும் பாவம் என்று அதே அதிகாரம் எச்சரிக்கிறது. வட்டிக்காரன் மனசை அந்தக் காலத்திலேயே அளந்து வைத்திருக்கிறார்கள்.

இனி அமெரிக்கச் சட்டத்தைப் பாருங்கள். அரசாங்கம் பொறுப்பேற்ற கல்விக் கடனில், தவணை தொடங்கி ஐந்து வருஷம் கழித்துத் திவாலானவனுக்கு முன்பு கடன் நீங்கிவிடும். 1990-இல் அந்த ஐந்தை ஏழாக்கினார்கள். தற்செயலாகவோ என்னவோ, மோசேயின் எண்ணுக்கே வந்து சேர்ந்தார்கள்! ஆனால் 1998-இல் அந்த ஏழாம் வருஷத்தையும் எடுத்துவிட்டார்கள். மீளாத கஷ்டம் என்று கோர்ட்டில் நிரூபித்தாலொழிய, திவாலானாலும் கடன் கூடவே வரும். 2005-இல் தனியார் கல்விக் கடனுக்கும் இதே கதி. மறு வருஷமே, மேல்பட்டப் படிப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் கடனாக வாங்கலாம் என்று தாராளமாக ஒரு வாசலைத் திறந்தார்கள். உள்ளே போக அகலமான வாசல். வெளியே வர ஊசியின் காது. 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு அந்த வாசலை மூட 2025-இல்தான் சட்டம் செய்தார்கள். உள்ளே போனவர்கள் உள்ளேதான்.

நண்பர் மகளுக்குக் கடன் இருபத்திரண்டாயிரம் டாலர். சட்டத்தைச் செய்தது கல்லூரி அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிறிஸ்துவின் பேரைப் பலகையில் எழுதிக்கொண்ட கல்லூரி, அந்தக் கடன் பணத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, அந்த மாணவிக்கே வியாபார தர்மம் போதிக்கும்போது, உபாகமம் பதினைந்தைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாமா?

"கல்லூரி என்ன தர்மசத்திரமா?" என்று கேட்பீர்கள். இனாமாகக் கொடு என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் காட்டு என்கிறேன். கட்டணத்தில் ஒரு டாலருக்கு வாத்தியாருக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு? சேர்ந்தவர்களில் முடித்தவர் எத்தனை பேர்? இவைதாம் முதல் பாடமாக இருக்க வேண்டும். அரிஸோனாவில் உள்ள கிராண்ட் கான்யன் என்ற கிறிஸ்தவ சர்வகலாசாலை, டாக்டர் பட்டத்துக்கு ஆகும் மொத்தச் செலவைக் குறைத்துச் சொன்னது என்று 2023-இல் அமெரிக்கக் கல்வி இலாகா 3.77 கோடி டாலர் அபராதம் விதித்தது. கல்லூரி மறுத்தது; 2025-இல் அபராதம் வாபஸாயிற்று. யார் சரி என்ற விசாரணை எனக்கு வேண்டாம். "முழுச் செலவு என்ன?" என்ற கேள்வி சர்க்கார் ஆபீஸுக்குப் போகும்வரை காத்திருந்ததே, அதுதான் என் வருத்தம்.

கிறிஸ்தவ வியாபாரம் என்று ஒன்று சரித்திரத்தில் இருந்ததா? இருந்தது. இங்கிலாந்தில் குவேக்கர் என்ற சபையார், பேரம் பேசி ஏமாற்றுவது பொய்க்குச் சமம் என்று எல்லோருக்கும் ஒரே விலை சொன்னார்கள். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களுக்குப் பட்டம் தர மறுத்தன. பட்டமில்லாமலே நாணயம் சம்பாதித்தவர்கள் அவர்கள். அந்தச் சபையைச் சேர்ந்த கேட்பரி சாக்லேட் குடும்பம் தொழிலாளருக்காகத் தோட்டம் சூழ்ந்த கிராமமே கட்டியது. அவர்களும் இடறினார்கள். ஸா தோமே தீவில் தங்களுக்குக் கோகோ பயிரிடுபவர்கள் அடிமைகள் என்று 1901-இல் காதில் விழுந்தது. வாங்குவதை நிறுத்தியது 1909-இல். அந்தத் தாமதத்தைக் குத்திக்காட்டிய பத்திரிகைமேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஜூரிகள் கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங் - கால் பென்னி! அந்த எட்டு வருஷங்களை வைத்து ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தட்டும். அதைக் கிறிஸ்தவக் கண்ணோட்டம் என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

இதையெல்லாம் அவளுக்குக் கடிதமாக எழுதினேன். துணிச்சல்காரி; உபாகமம் பதினைந்தையும் தன் கடன் பத்திரத்தையும் சேர்த்து, அந்த வாரத்துப் பதிலாகவே எழுதிவிட்டாள். சக மாணவர் இருவர், "நல்ல சிந்தனை" என்று அபிப்ராயம் எழுதினார்களாம். ஆசிரியர் முழு மார்க் போட்டாராம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த பருவத்துக் கட்டணச் சீட்டு வழக்கமான தேதியில் வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கிறாள்.