இயற்கணித வகுப்பின் திறவுகோல் யாரிடம்?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர்கள் 2024 மார்ச் 5 அன்று நடந்த முதல்நிலைத் தேர்தலில், வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்ததோடு வழக்கத்துக்கு மாறான ஒரு கேள்விக்கும் விடையளித்தார்கள். நகரின் அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் கற்பிக்கப்பட வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி. வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் அதிகமானோர் 'வேண்டும்' என்றனர். அந்த முடிவு பள்ளி நிர்வாகத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மக்களின் விருப்பத்தைத் தெரிவிப்பதோடு அதன் பணி முடிந்துவிடும். ஆயினும், ஒரு கணிதப் பாடத்தை எந்த வகுப்பில் தொடங்குவது என்பது வாக்குச்சாவடி வரை வந்தது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு என்றால், அந்த வகுப்பில் பயிலும் அனைவருக்கும் ஒரே கணிதப் பாடநூல்தான். இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் அந்த ஒரே நூலில் அடுத்தடுத்த இயல்களாக வரும். அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கு முதல்நிலை இயற்கணிதம் ஓராண்டுப் பாடம். அதன்பின் வடிவியல் ஓராண்டு, இரண்டாம்நிலை இயற்கணிதம் ஓராண்டு, நுண்கணிதத்துக்கான முன்தயாரிப்பு ஓராண்டு. இந்த நான்கையும் கடந்த பிறகே நுண்கணிதம். பள்ளிப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்புடன் முடிகிறது என்பதால், எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தைத் தொடங்கும் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தை எட்டுவார். ஒன்பதாம் வகுப்பில் தொடங்குபவர், வழக்கமான வேகத்தில் படித்தால், அதன் வாசலோடு நின்றுவிடுவார்.

பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் ஆகியவற்றைப் படிக்க விரும்பும் மாணவருக்கு இந்த ஓராண்டு வேறுபாடு சிறியதல்ல. தேர்ந்தெடுத்து மாணவர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள், விண்ணப்பதாரர் பள்ளியில் நுண்கணிதம் பயின்றிருக்கிறாரா என்பதைக் கூர்ந்து பார்க்கின்றன. இவ்வாறு, பதினேழு வயதில் திறக்க வேண்டிய ஒரு கதவு பதின்மூன்று வயதிலேயே திறக்கவோ மூடவோ படுகிறது. அமெரிக்கக் கல்வித் துறையின் 2015-16ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, எட்டாம் வகுப்பு மாணவர்களில் 80 சதவீதத்தினர் இயற்கணிதம் கற்பிக்கப்படும் பள்ளிகளில் பயின்றனர். ஆனால் அந்தப் பாடத்தில் சேர்ந்திருந்தவர்கள் 24 சதவீதத்தினர் மட்டுமே. வகுப்பு இருப்பது வேறு, அதற்குள் இடம் கிடைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலை நாற்பதாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் ராபர்ட் மோசஸ். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்வதற்காக அடியும் சிறையும் பட்ட குடியுரிமைப் போராளி அவர். பிற்காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வசித்தபோது, எட்டாம் வகுப்பில் நுழைந்த தம் மகளுக்கு அவளுடைய பள்ளியில் இயற்கணிதம் கற்க வாய்ப்பில்லை என்பதைக் கண்டார். 1982-இல் தமக்குக் கிடைத்த மெக்ஆர்தர் நல்கையைக் கொண்டு அந்தப் பள்ளியிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அந்த முயற்சி 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' என்னும் இயக்கமாக வளர்ந்தது. ஒரு காலத்தில் வாக்குரிமை எதுவாக இருந்ததோ, தொழில்நுட்பக் காலத்தில் கணித அறிவு அதுவாக இருக்கிறது என்பது 2021-இல் மறையும் வரை அவர் முன்வைத்த வாதம்.

மோசஸின் கேள்வியைக் கலிஃபோர்னியா மாநிலம் தனக்கே உரிய முறையில் எடுத்துக்கொண்டது. 1990-களின் இறுதியிலிருந்து, எட்டாம் வகுப்பு மாணவர் அனைவரையும் இயற்கணிதத்துக்குக் கொண்டுவருவதே அதன் இலக்காக இருந்தது. சேர்க்கை பெருமளவில் உயர்ந்தது. ஆனால், பின்னங்களிலும் விகிதங்களிலும் அடித்தளம் இல்லாமல் அந்த வகுப்புக்குள் தள்ளப்பட்ட மாணவர்கள் பலர் தோற்றார்கள்; அதே பாடத்தை மறுபடியும் மறுபடியும் படித்தார்கள். அதன்பின் வந்த புதிய பொதுப் பாடத்தரங்கள் எட்டாம் வகுப்புக் கணிதத்தையே மாற்றியமைத்தன. ஊசல் மறுபக்கம் சாயத் தொடங்கியது.

அந்தச் சாய்வின் எல்லைக்குச் சென்றது சான் பிரான்சிஸ்கோ. 2014-இல் அந்நகரப் பள்ளி நிர்வாகம், நடுநிலைப் பள்ளிகளில் இயற்கணிதத்தை அடியோடு நிறுத்தியது. எவ்வளவு திறமை இருந்தாலும் அனைவரும் ஒன்பதாம் வகுப்பில்தான் அதைத் தொடங்க வேண்டும் என்றது. இந்த முடிவை எடுத்தவர்களின் நோக்கத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகளை 'வல்லவர்', 'மற்றவர்' என்று பிரித்தால், அந்தப் பிரிவு பெரும்பாலும் நிறத்தையும் வருமானத்தையும் ஒட்டியே அமைகிறது. வேக வகுப்பில் வெள்ளையின, ஆசிய மாணவர்கள். சாதாரண வகுப்பில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள். சாதாரண வகுப்பில் போடப்பட்ட பிள்ளை, தனக்குக் கணிதம் வராது என்று தானே நம்பத் தொடங்கிவிடுகிறது. அனைவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தினால் இந்தக் காயம் ஆறும் என்று அவர்கள் கருதினார்கள்.

நடந்தது என்ன? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தருகிறது. கொள்கை மாறிய தொடக்க ஆண்டுகளில், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் கற்பிக்கப்படும் உயர்நிலைக் கணிதப் பாடங்களில், குறிப்பாக நுண்கணிதத்தில், சேர்வோர் எண்ணிக்கை குறைந்தது. அதே வேளையில், இனங்களுக்கு இடையே அப்பாடங்களில் இருந்த பெரும் இடைவெளி அப்படியே தொடர்ந்தது. எதைச் சரிசெய்வதற்காகக் கதவு மூடப்பட்டதோ, அது சரியாகவில்லை.

காரணம் எளிது. மூடப்பட்டது பள்ளியின் கதவு மட்டுமே. வசதியுள்ள குடும்பங்கள் வேறு வழிகளைக் கண்டறிந்தன. கட்டணம் செலுத்தி இணையவழியில் இயற்கணிதம் படிக்க வைத்தார்கள். கோடை விடுமுறையில் தனிப் பாடம் ஏற்பாடு செய்தார்கள். தனியார் பள்ளிகளை நாடியோரும் உண்டு. மேல்வகுப்பில் ஈராண்டுப் பாடத்தை ஓராண்டில் சுருக்கிப் படிக்கும் வாய்ப்பை நிர்வாகமே அளித்தது. ஆனால், சுருக்கிப் படிப்பதும் எல்லோருக்கும் எளிதல்ல. அப்படியொரு வழி இருப்பதை அறிந்து, அதற்குத் தயாராவதற்கும் வீட்டில் துணை வேண்டும்.

இரண்டு மாணவிகளைக் கற்பனை செய்து பார்க்கலாம். இருவரும் ஏழாம் வகுப்புக் கணிதத்தில் சம அளவில் வல்லவர்கள். ஒருத்தியின் பெற்றோர் மென்பொருள் பொறியாளர்கள். மற்றொருத்தியின் தாய் விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்பவர். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் நிறுத்தப்பட்டதால் முதல் மாணவிக்கு ஏற்பட்ட இழப்பு, சில நூறு டாலர்களும் சில வார இறுதிகளும். இரண்டாம் மாணவிக்கு ஏற்பட்ட இழப்பு நுண்கணிதமே. அந்த வகுப்பை எட்டாம் வகுப்பில் இலவசமாகத் தரக்கூடிய ஒரே இடம் அவளுடைய அரசுப் பள்ளியாகத்தான் இருந்தது.

ஆகவே பழைய முறைக்கே திரும்பிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பழைய கதவும் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்ததில்லை. ஆசிரியர் பரிந்துரைக்க வேண்டும். பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் வற்புறுத்தவும் வேண்டும். பள்ளி நிர்வாகத்துடன் ஆங்கிலத்தில் பேசி வாதாடத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். இரண்டு வேலைகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு அப்படியொரு வகுப்பு இருப்பதே தெரியாமல் போகும்.

வட கரோலினா மாநிலத்தில் 2017-இல் ஒரு நாளிதழ் நடத்திய புலனாய்வு இதை அம்பலப்படுத்தியது. மாநிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தும், வறிய குடும்பத்துப் பிள்ளைகள் அதே மதிப்பெண் பெற்ற வசதியான பிள்ளைகளைவிடக் குறைந்த அளவிலேயே மேம்பட்ட வகுப்புகளில் சேர்க்கப்பட்டிருந்தனர். திறமை தாளில் பதிவாகியிருந்தும், யாரும் அந்தத் தாளைப் புரட்டிப் பார்க்கவில்லை. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கணிதத் தேர்வில் உச்ச நிலையை எட்டிய மாணவரை மேம்பட்ட கணித வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் அவரை அதிலிருந்து விலக்க முடியாது என்றது அச்சட்டம்.

ஃபுளோரிடாவின் புரோவர்டு மாவட்டம் தந்த பாடமும் இதை ஒத்ததே. அங்கு தனித்திறன் மாணவர்களுக்கான வகுப்புகளுக்குப் பிள்ளைகளை ஆசிரியர்களும் பெற்றோரும் பரிந்துரைப்பதே வழக்கம். 2005-இல் அம்மாவட்டம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவான திறனறித் தேர்வை நடத்தத் தொடங்கியது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் அதன் விளைவை ஆராய்ந்தனர். தனித்திறன் மாணவர்களாக அடையாளம் காணப்பட்ட பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளின் விகிதம் 180 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் திடீரென்று அறிவாளிகளாகிவிடவில்லை. அதுவரை அவர்களை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரம் 2019-20ஆம் கல்வியாண்டிலிருந்து நடைமுறையைத் தலைகீழாக மாற்றியது. ஐந்தாம் வகுப்புத் தேர்வில் நன்கு தேறிய மாணவர், ஆறாம் வகுப்பில் தானாகவே உயர்நிலைக் கணித வகுப்பில் சேர்க்கப்படுவார். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களின் சேர்க்கை கணிசமாக உயர்ந்தது. 2023-இல் டெக்சாஸ் மாநிலம் முழுமைக்கும் இதே வழியில் சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்தினருக்குள் வரும் மாணவர்களைப் பள்ளிகள் தாமாகவே மேம்பட்ட வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அது. கேட்பவருக்குக் கொடுப்பது என்ற நிலை மாறி, தகுதியுள்ளவருக்குக் கொடுப்பது, மறுப்பவரே கேட்டுப் பெறுவது என்ற நிலை வந்திருக்கிறது. ஒரு படிவத்தை யார் நிரப்ப வேண்டும் என்பதில் செய்த மாற்றம்தான் இது, பலன் பெரிது.

இதற்கும் நியாயமான மறுப்புகள் உண்டு. நுண்கணிதத்தை நோக்கி ஓடும் அவசரம், கணிதத்தின் ஆழத்தைப் பலிகொள்கிறது என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய அமைப்பும், கல்லூரிக் கணிதப் பேராசிரியர்களின் சங்கமும் 2012-இல் கூட்டாக விடுத்த அறிக்கையில், பள்ளியிலேயே நுண்கணிதத்தைத் தொட்டுவிடுவது இறுதி இலக்காகக் கூடாது என்று எச்சரித்தன. எச்சரிக்கை சரியே. ஆனால், அவசரம் தீது என்றால் அது எல்லோருக்கும் தீதாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் நுண்கணிதத்துக்கு மதிப்பளித்துக்கொண்டே இருக்கையில், அரசுப் பள்ளி மாணவரை மட்டும் 'நிதானமாகப் படி' என்று அறிவுறுத்துவது அவருக்கு நன்மை செய்வதாகாது.

மற்றொரு மறுப்பு, விரைவு வகுப்பில் சேராத மாணவர்களைப் பற்றியது. இதுவே கனமானது. சிகாகோ நகரம் 1997-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் இயற்கணிதத்தைக் கட்டாயமாக்கியபோது, தோல்விகள் பெருகினவே தவிர, கற்றல் மேம்படவில்லை. பின்னர் 2003-இல் அந்நகரம் வேறொன்றைச் செய்தது. கணிதத்தில் பின்தங்கிய மாணவர்களுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளைக்கு மாறாக இரண்டு பாடவேளை இயற்கணிதத்துக்கு ஒதுக்கியது. அவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தோரும் கல்லூரியில் சேர்ந்தோரும் அதிகரித்ததை ஆய்வுகள் காட்டின. முந்திச் செல்லும் மாணவரை நிறுத்தி வைத்ததால் பின்தங்கியவர் முன்னேறவில்லை. அவருக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் கற்பித்தலும் கிடைத்தபோதுதான் முன்னேறினார்.

சான் பிரான்சிஸ்கோ நிர்வாகம், மக்கள் வாக்களிப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே, எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை மீட்டெடுக்க முடிவு செய்துவிட்டது. 2024-25ஆம் கல்வியாண்டில் சில பள்ளிகளில் சோதனை முறையில் அது திரும்பியது. மோசஸ் தம் பணியைத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் நகரமும், சமத்துவத்தின் பெயரால் நடுநிலைப் பள்ளிகளின் மேம்பட்ட கணித வகுப்புகளைக் கைவிட்டு, பெற்றோரின் எதிர்ப்புக்குப் பின் இயற்கணிதத்தைத் திரும்பக் கொண்டுவர இசைந்தது.

வகுப்பு திரும்புவது நல்ல செய்தி. ஆனால், அது பணியின் பாதி மட்டுமே. அங்கே விண்ணப்பப் படிவத்துடன் வரும் பெற்றோருக்காக மட்டும் அந்தக் கதவு திறந்திருக்குமானால், பத்தாண்டுகளுக்குப் பின் மற்றொரு நிர்வாகம் அதே இடைவெளியைக் கண்டு, அதே கதவை மறுபடியும் மூடும். அவ்வாறு நேராதிருக்க வேண்டுமெனில் மூன்று செயல்கள் ஒருசேர நடந்தாக வேண்டும். அனைத்து மாணவரின் திறனையும் பள்ளியே அளந்தறிய வேண்டும். தேறியவரை யாரும் கேளாமலேயே சேர்க்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு முன்பே பின்னங்களில் தடுமாறும் பிள்ளைக்குக் கூடுதல் பாடவேளை தர வேண்டும். இவற்றில் முதல் இரண்டுக்குப் பெரும் செலவில்லை. மூன்றாவதற்கு ஆசிரியர்கள் வேண்டும், பணம் வேண்டும். அதனாலேயே அது எப்போதும் தள்ளிப்போடப்படுகிறது. வகுப்பை நிறுத்துவது போன்ற செலவில்லாத தீர்வுகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

எட்டாம் வகுப்பு இயற்கணிதம் திரும்பிவிட்டதா என்பதைக் கால அட்டவணையைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். சமத்துவம் வந்துவிட்டதா என்பதை அறிய, அந்த வகுப்பறைக்குள் சென்று, விடுதியில் துப்புரவுப் பணி செய்பவரின் மகளும் அங்கே அமர்ந்திருக்கிறாளா என்றுதான் பார்க்க வேண்டும்.