அளவுச் சோதனையை நீக்குதல் திருத்தமாகுமா?

சிறு கருவிகளுள் பொதிக்கப்படும் கணனிகளுக்குச் செய்நிரல் எழுதுவோரிடையே ஒரு தீய வழக்கம் வேரூன்றிவிட்டது. படமொன்று திரையிலே தோன்றாவிடின், அதன் அளவைச் சோதிக்கும் வரியே தடையெனக் கண்டு அவ்வரியை நீக்கிவிடுவர். படம் தோன்றும், வழு தீர்ந்தது என்பர். உண்மையில் வழுவைச் சுட்டிய குரலே அடங்கிற்று.

அச்சோதனையே பிழையாக எழுதப்பட்டிருத்தலும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. படக்கோப்பின் தலைப்பிலே அகலமும் உயரமும் எண்களாகத் தரப்படுகின்றன. அவ்விரண்டையும் பெருக்கி, ஒரு புள்ளிக்குரிய 4 பைற்றுகளாலும் பெருக்கி, வரும் தொகையை எஞ்சியுள்ள நினைவகத்தோடு ஒப்பிட்டாற் போதுமெனப் பலர் கருதுகின்றனர். ஆயின் 32 பிற் எண்ணுள் 4,294,967,295 வரையே அடங்கும். அகலமும் உயரமும் தனித்தனி 32,768 ஆயின் பெருக்கம் 4,294,967,296. கருவியின் கணக்கிலோ அது பூச்சியம். பூச்சியத்துக்கு இடமில்லையென எந்தச் சோதனை மறுக்கும்? பின்னர் புள்ளிகள் எழுதப்படுகையில் அயலிலுள்ள தரவுகள் அழிகின்றன. 'பி. எம். பி.' வகைக் கோப்பிலே உயரம் மறை எண்ணாகவும் வரலாம். வரிகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டுள்ளன என்பதே அதன் பொருள். உயரம் 1,000 இலும் குறைந்ததா என்று மட்டும் வினவுவோர் -40,000 ஐயும் வரவேற்பர். பாடசாலைக் கணிதம் மறந்துபோயிற்றுப் போலும்!

பெருக்குவதை விட்டு வகுத்தல் வேண்டும். அளவுகள் பூச்சியமோ மறையோ அல்லவென உறுதிசெய்தபின், உள்ள இடத்தை 4 ஆலும் அகலத்தாலும் வகுத்து, ஈவு உயரத்திலும் சிறிதாயின் படத்தை மறுத்துவிடலாம். வகுத்தல் மெதுவானது, 'கோர்ட்டெக்ஸ் எம்0' போன்ற செயலிகளில் அதற்கெனக் கட்டளையே இல்லை என்று முறையிடுவார் உளர். 320 இற்கு 240 அளவான சிறு படத்திலேயே 76,800 புள்ளிகள் உள. அத்தனையையும் விரித்தெழுதும் கருவி ஒருமுறை வகுப்பதாற் களைத்துவிடுமா?

2023 இன் இறுதியில் 'லோகோஃபெயில்' என்னும் பெயரிலே வெளியான வழுக்கள் இம்மெத்தனத்தின் விலையைக் காட்டின. கணனி விழித்தெழும்போது நிறுவனச் சின்னத்தைக் காட்டும் தொடக்கச் செய்நிரல், அச்சின்னப் படத்தைச் சரிவரச் சோதியாது நம்பிற்று. சின்னத்தை மாற்றிவைக்க வல்ல ஒருவன், இயங்குதளமும் காவல் மென்பொருள்களும் எழுமுன்னரே தன் கட்டளைகளை அங்கே ஓடச்செய்ய முடிந்தது. சின்னம் காட்டுவது அற்ப வேலையென்று எண்ணியவர்கள் அச்செய்நிரலை எழுதியவர்களே.

நல்ல படங்களை மட்டும் காட்டி, திருத்தம் முடிந்ததெனக் கையொப்பமிடுகின்றனர். 0, -1, 32,768 என்னும் அளவுகளைத் தலைப்பிலே பொறித்த மூன்று கோப்புகளையும் கருவிக்குக் கொடுத்துப் பார்க்க அவர்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?