ஓட்டையைக் காட்டினவன் கையை ஒடிக்காதீங்க சாமிகளா!

ஹேக்கர்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு இருட்டு ரூம்ல உக்காந்து பேங்க் பணத்தை ஆட்டையப் போடற சினிமா வில்லன்தான் ஞாபகத்துக்கு வர்றான். சினிமா போகட்டும். போலீசும் கம்பெனிக்காரங்களும் சட்டமும் அதே கண்ணோட பார்த்தா? அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

எங்க திருப்பூர்ல பனியன் கம்பெனிகள்ல செக்கிங்னு ஒரு பிரிவு இருக்கும். தைச்சு வந்த பீஸை எல்லாம் புரட்டிப் பார்த்து ஊசி ஓட்டை, கறை, தையல் விட்டதுன்னு தனியா எடுத்து வைக்கறது அங்க இருக்கற அக்காங்க வேலை. ஓட்டையைக் காட்டின அக்காவைப் பார்த்து "நீதான் போட்டியா?"ன்னு எந்த முதலாளியும் கேக்கறதில்லை. இங்க தப்பினா பையர் கண்டுபிடிப்பான், ஷிப்மென்ட்டே ரிஜெக்ட் ஆகும்னு அவருக்குத் தெரியும். இந்த அறிவு துணியோட நின்னு போச்சேங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

2018 ஜனவரில மெல்ட்டவுன், ஸ்பெக்டர்னு ரெண்டு ஓட்டை வெளிய வந்துச்சு. சாஃப்ட்வேர்ல இல்லீங்க, ப்ராசஸர்லயே! வேகத்துக்காக ப்ராசஸர் அடுத்த வேலை இதுதான்னு யூகிச்சு முன்கூட்டியே செஞ்சு வெச்சுக்கும். யூகம் தப்பாப் போனா செஞ்சதைத் தூக்கிப் போட்டுடும். ஆர்டர் உறுதியாகறதுக்கு முன்னாடியே கட்டிங் போடற மாதிரி. ஆர்டர் கேன்சல் ஆனா பீஸைக் கழிச்சுடலாம். ஆனா டேபிளுக்கு அடியில கிடக்கற கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்தே என்ன கலர், என்ன துணின்னு பக்கத்து கம்பெனிக்காரன் சொல்லிடுவானில்ல? அதே மாதிரி கேஷ் மெமரில மிச்சம் கிடக்கற தடயத்தை வெச்சு பாஸ்வேர்ட் வரைக்கும் படிச்சுடலாம்.

கண்டுபிடிச்சது யாரு? கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோல இருந்த யான் ஹார்ன், ஆஸ்திரியாவுல கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பால் கோச்சர், இன்னும் சிலர். ப்ராஜெக்ட் ஜீரோ 2017 ஜூன்லயே இன்டெல்லுக்குச் சொல்லியாச்சு. பேட்ச் தயாராகட்டும்னு அரை வருஷம் ஊருக்குச் சொல்லாம இருந்தாங்க. திருடன் செய்யற வேலையா இது?

நம்ம பசங்களும் சளைச்சவங்க இல்லை. தமிழ்நாட்டு இன்ஜினியர் அருள்குமார் 2013ல, ஃபேஸ்புக்ல யாரோட போட்டோவையும் அழிக்கிற வழி ஒண்ணு இருக்குன்னு காட்டினார். பரிசு 12,500 டாலர். சென்னை லக்ஷ்மண் முத்தையா 2019ல இன்ஸ்டாகிராம் கணக்கைக் கைப்பத்தற வழியைச் சொன்னதுக்கு 30,000 டாலர், 2021ல மைக்ரோசாஃப்ட் கணக்கு விஷயத்துக்கு 50,000 டாலர்.

வெளிநாட்டுக்காரன் செக் குடுக்கறான். இங்க? 2010ல ஹைதராபாத் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்ரைப் மூணு பேரும் சேர்ந்து ஓட்டு மெஷினை எப்படி ஏமாத்தலாம்னு செஞ்சு காட்டினாங்க. அந்த ஆகஸ்ட்லயே ஹரி பிரசாத்தை போலீஸ் கைது பண்ணுச்சு. மெஷின் திருட்டு வழக்காம்! மெஷினைக் குடுத்தது யாருன்னு அவர் சொல்லலை. அதே வருஷம் அமெரிக்காவுல ஈஎஃப்எஃப் அமைப்பு அவருக்கு விருது குடுத்துச்சு.

"அனுமதியில்லாம என் வீட்டுப் பூட்டை ஆட்டிப் பார்த்தா நான் சும்மா இருப்பேனா?"ன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா உங்க வீட்டுல மத்தவன் நகையும் இருக்கே? பையர் பேரு, விலை, தொழிலாளிங்களோட ஆதார், பேங்க் கணக்கு எல்லாம் உங்க சர்வர்லதான கிடக்கு? அப்புறம், ஆட்டிப் பார்த்துட்டு உங்ககிட்டயே வந்து சொல்றவனும், உள்ள புகுந்து அள்ளிட்டுப் போறவனும் ஒண்ணா?

நம்ம ஐடி சட்டத்துல 43வது பிரிவு, அனுமதி இல்லாம நுழைஞ்சாலே நஷ்டஈடுங்குது. 66வது பிரிவு, கெட்ட எண்ணத்தோட செஞ்சா 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்ங்குது. நல்லெண்ணத்தோட சோதிக்கறவனுக்குன்னு தெளிவா ஒரு பாதுகாப்பும் எழுதி வைக்கலை. நல்ல எண்ணம்னு கோர்ட்ல நிரூபிக்கறதுக்குள்ள பையன் வேலை போயிடும், கல்யாணம் நின்னுடும். அமெரிக்காவுலகூட 2022 மே மாசம் நீதித்துறை, நல்லெண்ண ஆராய்ச்சிக்கு வழக்குப் போடக்கூடாதுன்னு கொள்கை அறிவிச்சுது. நம்ம சட்டத்துல அப்படி ரெண்டு வரி எழுத என்ன கஷ்டம்?

கம்பெனிகளும் சட்டம் மாறட்டும்னு காத்திருக்க வேண்டியதில்லை. "ஓட்டை தெரிஞ்சா இந்த மெயிலுக்குச் சொல்லுங்க, எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது, சொன்னா கேஸ் போட மாட்டோம்"னு வெப்சைட்ல ஒரு பக்கம் போட்டா முடிஞ்சுது. செலவு ஒரு பைசா இல்லை. இல்லேன்னா என்ன நடக்கும்? நல்லவன் பயந்துக்கிட்டு வாயை மூடிக்குவான். ஓட்டை அப்படியேதான் இருக்கும். அடுத்து அதைப் பார்க்கறவன் மெயில் அனுப்ப மாட்டான், பில்லுதான் அனுப்புவான்.

டிஸ்கி: டேட்டாவை அள்ளிட்டு "காசு குடு, இல்ல வெளிய விட்டுடுவேன்"னு மிரட்டறவனுக்கு நான் வக்காலத்து வாங்கலை. அவனைத் தாராளமா உள்ள போடுங்க. பின்னூட்டத்துல கும்மறவங்க இதைப் படிச்சுட்டு கும்முங்க :-)