சிகாகோவை மறந்த வாதம்

"19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா நேரம் பார்க்காமல் உழைத்துத்தான் வளர்ந்தது, திருப்பூரும் அப்படி உழைக்கட்டும்" என்கிறார்கள், 12 மணி நேர வேலைக்கு வக்காலத்து வாங்குபவர்கள். பாதி வரலாற்றை வைத்துப் பேசுகிறார்கள். மேற்கே மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள் 1867இல் சம ஊதியமும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி சோற்றை நிறுத்திப் பணியவைத்தது. 1882இல் அவர்கள் குடியேறுவதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1886இல் சிகாகோ கேட்டது 8 மணி நேரம்.

திருப்பூர் மட்டும் வாய்மூடியா வளர்ந்தது? 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. தொழில் அழிந்துவிடவில்லை. ஏற்றுமதி பெருகியதே அதற்குப் பிறகுதான்.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது சட்டம். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் என்கிறது பனியன் கம்பெனி. பீஸ் ரேட்டில் தைக்கும் ஒடிசா, பிகார் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கிடைக்கிறது? 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர மசோதாவை, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் அரசே திரும்பப் பெற்றது. அதை மறுபடி கேட்பவர்கள் முதலில் ஓவர்டைம் கணக்கைத் தொழிலாளியிடம் காட்டட்டும்.