பசுமை யாருக்காக?

பச்சைப் பசேலென்று நிற்கும் பயிரைக் கண்டால் மனம் பூரிப்பது இயல்பு. பசுமை என்றால் வளம், வளம் என்றால் விளைச்சல் என்று சிறு வயது முதலே கணக்குப் போட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்குப் பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் சிற்றிலை நோய் கண்ட கத்தரிச் செடி.

இந்நோய் கண்ட செடியில் இலைகள் சிறுத்துவிடும். கணுக்களின் இடைவெளி குறுகிக் கிளைகள் புதர்போல் மண்டும். பூ அருகிவிடும், பூத்தாலும் இதழ்கள் பச்சையாகி இலைபோல் மாறும், காய் பிடிப்பதில்லை. எள்ளில் வரும் பச்சைப்பூ நோயும் இதற்கு உறவானதே. இதில் வியப்பு என்னவென்றால், செடி சாவதில்லை. தளதளவென்று உயிரோடு நிற்கிறது. ஆனால் தனக்காகவும் வாழவில்லை, நட்டவனுக்காகவும் வாழவில்லை. அப்படியானால் அந்தப் பசுமை யாருக்காக?

இக்கேள்விக்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று. கத்தரியின் சிற்றிலை நோயைக் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் 1939இல் விவரித்தார்கள். இவ்வகை நோய்கள் வைரசால் வருபவை என்றே அறிவுலகம் அப்போது நம்பியது. 1967இல் ஜப்பானிய அறிஞர்கள் நோயுற்ற மல்பெரி முதலிய செடிகளின் சல்லடைக் குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, செல்சுவரே இல்லாத நுண்ணிய பாக்டீரியாக்களைக் கண்டார்கள். கால்நடைகளுக்கு நோய் தரும் மைக்கோபிளாஸ்மாவை ஒத்திருந்ததால்தான் அவற்றை இன்னவை என்று இனங்காண முடிந்தது. டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்தபோது நோய்க்குறிகள் தணிந்ததும் அதற்குச் சான்றாயிற்று. பின்னர் 1994இல் இவற்றுக்குப் பைட்டோபிளாஸ்மா என்ற பெயர் ஏற்பட்டது.

இந்தக் கிருமி பரம ஏழை. 2004இல் ஜப்பானில் வெங்காய மஞ்சள் நோய்க் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதையும் படித்தார்கள். அதில் ஏறத்தாழ 8 லட்சத்து 60 ஆயிரம் எழுத்துகளே இருந்தன. வாழ்வுக்கு அடிப்படையான பல மரபணுக்களைக்கூட அது இழந்துவிட்டிருந்தது. வேண்டியதையெல்லாம் பிறரிடமே பெறவேண்டும். ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகவும் அதற்குக் கால் இல்லை. சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியே அதன் வாகனம். ஆகவே செடியைப் பூச்சிக்கு ஏற்ற வீடாக மாற்றுவது கிருமிக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

அதை எப்படிச் சாதிக்கிறது? ஆஸ்டர் மஞ்சள் நோய்க் கிருமியை ஆராய்ந்தவர்கள், அது செடிக்குள் சில புரதங்களைச் சுரந்து அனுப்புவதைக் கண்டார்கள். ஒரு புரதம் செடியின் தற்காப்புக்கு உதவும் ஜாஸ்மோனிக் அமிலத்தைக் குறைக்கிறது. அத்தகைய செடியில் தத்துப்பூச்சியின் சந்ததி பெருகியதை 2011இல் காட்டினார்கள். இன்னொன்று பூவைப் பூவாக்கும் புரதங்களை அழித்து, இதழ் வரவேண்டிய இடத்தில் இலையை வரவைக்கிறது. அழிக்கும் வேலையைக்கூடக் கிருமி தானே செய்வதில்லை. பழைய புரதங்களைச் சிதைக்கச் செடியே வைத்திருக்கும் அமைப்பிடம் அவற்றைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 2021இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மைய ஆய்வாளர்கள் மற்றொரு புரதத்தின் சூழ்ச்சியை வெளியிட்டார்கள். அது செடியின் சிதைவு அமைப்பிலுள்ள ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. அதே பகுதி பூச்சியின் உடலிலும் உண்டு. ஆயினும் பூச்சிக்குத் தீங்கில்லை. ஏன்? இரண்டையும் ஒப்பிட்டபோது, பூச்சியில் இரண்டு அமினோ அமிலங்கள் வேறாக இருப்பது தெரிந்தது. சோதனைச் செடியிலும் அந்த இரண்டைப் பூச்சியில் உள்ளதுபோல் மாற்றினார்கள். புரதத்தின் ஆட்டம் செல்லவில்லை! செடியை மட்டும் பார்த்திருந்தால் இவ்விடை கிட்டியிருக்குமா? 1967இல் கால்நடை நோயறிவு கைகொடுத்தது. 2021இல் பூச்சியறிவு கைகொடுத்தது.

ஆனால் நம் கல்லூரியில் நிலை என்ன? செடி தாவரவியல் துறைக்கு. பூச்சி விலங்கியல் துறைக்கு. நடுவே ஒரு சுவர். தாவரவியல் மாணவன் சிற்றிலையை வரைந்து மதிப்பெண் பெறுகிறான். விலங்கியல் மாணவன் பூச்சியின் வாயுறுப்பை வரைந்து மதிப்பெண் பெறுகிறான். இரண்டு படங்களும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதை இருவருக்கும் யாரும் சொல்வதில்லை. கிருமிக்கு மட்டும் அந்தச் சுவர் இல்லை!

துறைகள் பிரிந்திருப்பது ஆழமாகக் கற்பதற்காகத்தானே என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். உண்மைதான், ஆழம் வேண்டும். துறைகளை ஒன்றாக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு பருவம், இரு துறை மாணவர்களும் சேர்ந்து அருகிலுள்ள ஒரு கத்தரி வயலுக்கு வாரந்தோறும் போய்வரட்டும். சிற்றிலை கண்ட செடிகள் எத்தனை, தத்துப்பூச்சிகள் எத்தனை, நோய் எந்தப் பக்கம் பரவுகிறது என்று ஒரே குறிப்பேட்டில் எழுதட்டும். இதற்குப் புதிய கருவியும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம்.

இதனால் பயன் நமக்கு மட்டுமன்று. காய்க்காவிட்டாலும் பச்சையாகத்தானே இருக்கிறது என்று உழவர் விட்டுவைக்கும் ஒரு செடி, வயல் முழுவதற்கும் நோய் கொடுக்கும் நாற்றங்காலாகிவிடும். கண்டவுடன் பிடுங்கி அழிப்பதே முதல் பாதுகாப்பு. பிடுங்கு என்று சொன்னால் போதாது. ஏன் என்றும் அவருக்குச் சொல்லவேண்டும். செடியும் பூச்சியும் கிருமியும் சேர்ந்த முழுக் கதையை அறிந்தவரால்தான் அதைச் சொல்லமுடியும்.